கிரான் விறகை எரிக்கலாமா?

ஒஸ்லோவுக்கு வடக்கே புதிதாக வீடு வாங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வரவேற்பறையில் இரும்பு விறகடுப்பு இருக்கிறது. காணி எல்லையில் பெரிய கிரான் (ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம்) மரங்கள் நாலு நின்று வெயிலை மறைக்கின்றன, எப்படியும் வெட்டத்தான் வேண்டும். விறகாக்கலாம் என்று பார்த்தால் வேலையிடத்தில் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். கிரான் பிசின் மரம், புகைபோக்கியில் தார் பிடித்துத் தீப்பற்றும், பியர்க் (பேர்ச் மரம்) மட்டும் எரி என்கிறார்கள். காசு கொடுத்து மரத்தை ஏற்றி அனுப்புவதா, காயவைத்து எரிப்பதா? காயவைப்பதென்றால் எத்தனை வருடம்?"

எரியுங்கள். காசு கொடுத்து அனுப்பவே வேண்டாம். மார்ச்சுக்குள் மரம் கீழே விழுந்து, ஏப்ரல் முடிவதற்குள் கொத்தி அடுக்கி முடித்தால் அதே வருடம் ஒக்டோபரில் எரிக்கலாம். உங்களைப் பயமுறுத்தியவர்கள் பொய் சொல்லவில்லை. பழியைத்தான் தவறான இடத்தில் போட்டுவிட்டார்கள். புகைபோக்கியைக் கெடுப்பது பிசின் அல்ல, தண்ணீர். இதை நான் கைசுட்டுத்தான் படித்தேன்.

1980களின் கடைசியில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கடலோரத்தில் மரமே கிடையாது, விறகைப் பற்றி ஒன்றும் தெரியாமலே பல வருடம் ஓடிவிட்டது. தெற்கே இறங்கி வந்து வீடு வாங்கிய முதல் குளிருக்கு, 'காய்ந்த பியர்க்' என்று சொல்லி ஒருவர் கொண்டுவந்து கொட்டிய விறகை அப்படியே நம்பி எரித்தேன். அடுப்புக் கண்ணாடி ஒரு மணி நேரத்தில் கறுத்தது. கொள்ளியின் முனையில் நுரை தள்ளிச் சீறியது. அது ஏதோ அந்த மரத்தின் குணமாக்கும் என்று இருந்துவிட்டேன். வசந்தத்தில் ஃபையர் (புகைபோக்கி துடைப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வந்து ஒரு துண்டைச் சுரண்டி என் கையில் வைத்தார். கறுப்புக் கண்ணாடி போல மினுங்கியது. இதில் தீப்பிடித்திருந்தால் புகைபோக்கி வெடித்திருக்கும் என்றார். நான் எரித்தது முழுக்க முழுக்க பியர்க். ஒரு துண்டு கிரான்கூட அதில் இல்லை.

அந்த மினுங்கல் தார் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். விறகில் முக்கால் பங்குக்கு மேல் கட்டையாக எரிவதில்லை. சூடேறும்போது வாயுவாக வெளியேறி, அந்த வாயுதான் சுவாலையாக எரிகிறது. மிச்சம் கிடப்பதுதான் தணல். அந்த வாயு முழுதாக எரிய அடுப்புக்குள் நல்ல சூடும் போதிய காற்றும் வேண்டும். விறகு ஈரமாக இருந்தால், எரியும் சூடு முதலில் தண்ணீரை ஆவியாக்கப் போய்விடுகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 0.7 கிலோவாட் மணி தேவை. அடுப்பு குளிர்கிறது, வாயு எரியாமல் புகையாக மேலே போகிறது, குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் நீராவியோடு சேர்ந்து படிகிறது. நோர்வேக்காரர் இதைத்தான் பெக்ஸூட் என்பார்கள். காற்றுவழியை முழுதாக அடைத்துவிட்டு இரவிரவாகப் புகையவிட்டாலும் இதே கதைதான், நல்ல காய்ந்த விறகாக இருந்தாலும்கூட.

கிரானில் பிசின் இருக்கிறது, உண்மை. ஆனால் சூடான அடுப்பில் பிசின் என்பது எரிபொருள். எரிந்து போய்விடும், மேலே போய் ஒட்டாது. ஊசியிலை மரங்களையே பெரிதும் எரிக்கிற இடங்கள் உலகில் நிறைய உண்டு. அலாஸ்காவின் உட்பகுதியில் ஸ்புரூஸ், கனடாவின் மேற்கு மலைப்பக்கம் பைன், சைபீரியாவில் லார்ச். அங்கெல்லாம் நாற்பது பாகை உறைகுளிரில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத்தானே எரிக்கிறார்கள்.

பிறகு ஏன் இங்கே எல்லோரும் பியர்க், பியர்க் என்று சொல்கிறார்கள்? பியர்க் உண்மையிலேயே நல்ல விறகு. கனம், தணல் நிற்கும், தோல் கடதாசி போலப் பற்றும், கோடாலிக்கு நேராகப் பிளக்கும். இன்னொரு காரணமும் இருக்கும் என்பது என் எண்ணம்: கிரானுக்கு மர ஆலையும் கடதாசி ஆலையும் காசு கொடுத்தன, பியர்க்குக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. விற்கக்கூடியதை விற்றுவிட்டு மிச்சத்தை அடுப்புக்கு வைப்பது எந்த ஊரிலும் நடப்பதுதானே. நம் ஊரில் பனையை மரத்துக்கு விற்றுவிட்டு மட்டையையும் ஊமலையும் பன்னாடையையும் அடுப்புக்கு வைத்த மாதிரி.

மென்மரம், வன்மரம் என்ற பெயர்களும் ஆளைக் குழப்பும். அது தாவரவியல் பிரிவு, விறகின் தரப் பட்டியல் இல்லை. ஊசியிலை மரமென்றால் மென்மரம், அகன்ற இலை மரமென்றால் வன்மரம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் நம் வீட்டு வேலியில் நின்ற முருங்கையும் வன்மரம்! முருங்கைக் கொப்பை அடுப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் வன்மை. இங்கேயும் ஓஸ்ப் என்கிற ஆஸ்பென் வன்மரம்தான், ஆனால் கனத்தில் கிரானோடு சேர்ந்தது. பார்லிண்ட் என்கிற யூ மரம் மென்மரம், ஆனால் பியர்க்கை விடக் கனம்.

விறகுக்கு வேண்டியது இந்தப் பெயர் அல்ல, கனம். காய்ந்த மரம் எதுவானாலும் ஒரு கிலோவில் இருக்கும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்தில் ஒரு பங்கு ஈரம் உள்ள விறகில் கிலோவுக்கு 4 கிலோவாட் மணிக்குச் சற்று மேல். ஊசியிலை மரத்தில் ஒரு துளி கூடவே வரும், பிசின் புண்ணியத்தில். ஆனால் நாம் விறகைக் கிலோவாக வாங்குவதில்லை, சாக்காக வாங்குகிறோம், இடத்தை அடைத்து அடுக்குகிறோம். ஒரு கன மீட்டர் முழு மரத்தில் உள்ள காய்ந்த பொருள் பியர்க்கில் ஏறத்தாழ 500 கிலோ, பைனில் 440, கிரானில் 380. ஆக ஒரே சாக்கு கிரானில் பியர்க்கின் முக்கால் பங்கு சூடு. கடையில் வாங்கும்போதும் இதையே மனதில் வையுங்கள்: கிரான் சாக்கின் விலை பியர்க் சாக்கின் விலையில் முக்காலுக்குக் கீழே இருந்தால் கிரான் லாபம், மேலே போனால் பியர்க் லாபம். உங்களுக்கோ மரம் சும்மா நிற்கிறது.

சரி, உங்கள் நாலு மரத்தில் எவ்வளவு விறகு வரும் என்று ஒரு கணக்கு. நெஞ்சளவு உயரத்தில் 30 சென்ரிமீட்டர் விட்டமும் இருபது மீட்டருக்குச் சற்று மேல் உயரமும் என்று வைத்தால் ஒரு மரத்துக்கு முக்கால் கன மீட்டர், நாலுக்கும் சேர்த்து 3. காய்ந்த பொருளாக 1140 கிலோ. ஆனால் வெட்டிய அன்று அது 2400 கிலோ அளவில் இருக்கும், ஏனென்றால் பச்சைக் கிரானின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். எரிக்கிற பதத்துக்கு வரும்போது 1400 கிலோவாகியிருக்கும். இடையில் காணாமல் போக வேண்டியது ஒரு தொன் தண்ணீர். உங்கள் முற்றத்தில் இருந்து ஒரு தொன் தண்ணீரைக் காற்று தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதுவும் ஒரே கோடையில். காயவைப்பது என்ற வேலையை இப்படி நினைத்தால்தான் எங்கே வைப்பது, எப்படி அடுக்குவது என்பதெல்லாம் சரிவரும். சரிவந்தால் உங்களுக்கு 5800 கிலோவாட் மணிக்கான விறகு. நல்ல அடுப்பில் அதன் நாலில் மூன்று பங்கு வீட்டுக்குள் வரும். 2021, 2022 குளிர்காலங்களில் தெற்கு நோர்வேயில் மின்கட்டணம் எப்படி ஏறியது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெட்டும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மரம், மின்கம்பி, அயலவரின் வேலி என்றிருக்கும் இடத்தில் யூரியூப் பார்த்து வாள் பிடிக்கிற வேலை வேண்டாம். காசு கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள். விழுத்தி, கிளை தறித்து, 30 சென்ரிமீட்டர் குற்றிகளாக அறுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுப்பின் உள்ளளவை முதலில் அளந்து, அதைவிட ஐந்து சென்ரிமீட்டராவது குறைவாக நீளம் சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்து 40 சென்ரிமீட்டரில் அறுத்து வாங்கி, பிறகு ஒவ்வொரு குற்றியையும் திரும்ப அறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். வெளியே தேட வேண்டாம்.

காலம் பெப்ரவரி, மார்ச். குளிர்காலத்தில் மரத்தில் தண்ணீர் குறைவு என்று ஒரு காரணம் சொல்வார்கள், கிரானுக்கு அது பெரிதாகப் பொருந்தாது. உண்மையான காரணம் அடுத்து வரும் வசந்தம். கிழக்கு நோர்வேயில் ஏப்ரல், மே மாதக் காற்று வருடத்திலேயே வறண்டது. வெயில் நீளும், நிலம் இன்னும் குளிராக இருக்கும், காற்றில் ஈரம் இருக்காது. விறகு காய்வதில் பெரும் பங்கு அந்த இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஜூன் கடைசியில் சங்ட் ஹான்ஸ் நெருப்பு மூட்டும் நாளுக்குள் விறகு காய்ந்திருக்க வேண்டும் என்பது இங்கத்தைய கிழவர்களின் கணக்கு. ஜூலையில் கொத்தத் தொடங்கியவர் ஓகஸ்ட் மழையில் மாட்டுவார், செப்ரெம்பருக்குப் பிறகு விறகு காய்வது கிட்டத்தட்ட நின்றுவிடும். அவருக்கு அந்த விறகு அடுத்த வருடத்துக்குத்தான்.

கிரானைத் தோலோடு முழுக்குற்றியாகக் கோடை முழுக்கக் கிடக்கவிடவும் கூடாது. தோல் தண்ணீரை வெளியேவிடாது என்பது ஒன்று. மற்றது பார்க்பில்லே, தோலுக்கு அடியில் முட்டையிடும் வண்டு. 1970களில் தென்கிழக்கு நோர்வேயின் கிரான் காடுகளில் பெருநாசம் செய்தது அதுதான். வசந்தத்தில் புதிதாக விழுந்த கிரான் குற்றி அதற்குப் பந்திவைத்த மாதிரி. பிளந்து காயவைத்துவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை.

கொத்துவது. நேரான, கணு இல்லாத கிரான் குற்றி ஒரே போடில் பிளக்கும், பியர்க்கைவிட லேசாக. ஆனால் தோட்டத்தில் தனியே நின்ற மரத்தில் அடியில் இருந்து நுனிவரை கிளை, அதனால் கணுவுக்குக் குறைவிருக்காது. கணு வட்டமாக ஒரே மட்டத்தில் வரும். அதை ஊடறுத்துப் பிளக்க முனைந்தால் கோடாலி இறுகிப்போகும், குற்றியும் கோடாலியும் சேர்ந்து மேலே எழும்பும். ஓரத்தில் இருந்து சிராய் சிராயாக எடுத்து வாருங்கள், நடுவை வெட்டப் பார்க்க வேண்டாம். உறைபனி இருக்கும்போதே கொத்துங்கள். பச்சை மரத்தில் உள்ள தண்ணீர் உறைந்திருக்கும், கண்ணாடி மாதிரி பிளக்கும். வெப்பம் ஏறின பிறகு அதே குற்றி இழுபடும். கணு அதிகமுள்ள சிலவற்றை விட்டுத்தள்ளுங்கள் அல்லது கொத்து இயந்திரத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

துண்டின் தடிப்பு 8 முதல் 12 சென்ரிமீட்டர். தோல் இல்லாமல் பிளந்த முகம் ஒன்றாவது எல்லாத் துண்டிலும் இருக்க வேண்டும். கைத்தடி மாதிரி உருண்டையாகத் தோல் மூடியபடி விட்டால் அது இரண்டு வருடம் கிடந்தாலும் உள்ளே ஈரம். மரத்தில் தண்ணீர் நீளவாக்கில்தான் வேகமாக வெளியேறும், அறுத்த இரு முனைகள் வழியாக. குட்டையாக அறுத்த விறகு சீக்கிரம் காய்வது அதனால்தான்.

அடுக்கும்போது நிலத்தில் படாமல் பலகைத் தட்டில் வையுங்கள். ஒற்றை வரிசை, முனைகள் காற்றை நோக்கி, வரிசைக்கும் வரிசைக்கும் ஒரு கை நுழையும் இடைவெளி. இடம் என்றால் காற்றோட்டமும் வெயிலும் உள்ள இடம். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் காற்றை எடுங்கள். மேலே மட்டும் மூடுங்கள். புதிதாக வீடு வாங்குகிற நம் ஆட்கள் அநேகமாக எல்லோரும் செய்வது, பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பால் தலைமுதல் கால்வரை சுற்றிக் கட்டிவிடுவது. மழை படக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த ஒரு தொன் தண்ணீர் எங்கே போகும்? உள்ளேயே வியர்த்து, ஓகஸ்டில் திறந்தால் பூஞ்சணம் நீலமாகப் பூத்திருக்கும். மேலே ஒரு தகரம், இரண்டு கல்லு, போதும். பக்கவாட்டில் அடிக்கும் மழை தோலை நனைக்கும், ஒரு வெயிலில் போய்விடும். மரத்துக்குள் இருந்த தண்ணீரும் மரத்தின் மேல் விழுந்த தண்ணீரும் ஒன்றல்ல. மேற்குக் கரையில் பேர்கன் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த ஆறுதல் செல்லாது. வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊரில் கூரையும் இரண்டாவது கோடையும் வேண்டும். அங்கேதான், பாருங்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளைக்கூடக் கூட்டிக்கொண்டுபோய் மலைச்சரிவெங்கும் கிரான் நட்டார்கள். இன்று அறுப்புக்கு நிற்கிறது.

வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு மலை விறகை அடுக்க வேண்டாம். சுவரும் காயாது, தீப்பிடித்தால் வீடும் தப்பாது.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? முனையில் வெடிப்பு விழும், நிறம் மங்கும், இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டொக்' என்று இல்லாமல் 'ணங்' என்று கேட்கும். இதெல்லாம் கைப்பழக்கம், முதல் வருடத்தில் ஏமாற்றும். ஈரமானி ஒன்று சாமான் கடையில் மலிவாக வாங்கலாம். ஆனால் அதை விறகின் முனையிலோ வெளிமுகத்திலோ குத்திப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு துண்டை அறைக்குள் கொண்டுவந்து ஒரு நாள் வைத்து, புதிதாகப் பிளந்து, அந்த உள்முகத்தின் நடுவில் குத்த வேண்டும். உறைந்த விறகில் அது தவறாகக் காட்டும். எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. விறகுக்காரர் 20 சதவீத ஈரம் என்றால் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று அர்த்தம். மானி காட்டுவது காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்ட எண், அதே விறகுக்கு அது 25 என்று காட்டும். ஆகவே மானியில் 25 என்பது எல்லை, 20-க்குக் கீழே வந்தால் பிரமாதம்.

மானி இல்லாவிட்டால் தராசு போதும். நாலைந்து துண்டில் இலக்கம் எழுதி அடுக்கின் நடுவில் செருகி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துக் குறித்துவையுங்கள். ஏப்ரலில் கிடுகிடுவென்று இறங்கும், பிறகு மெல்ல, ஜூலையில் அசையாமல் நின்றுவிடும். நின்றால் வெளியே அதற்குமேல் காயாது. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இது அவர்களின் வேலை. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு, யாருடையது முதலில் நிற்கிறது என்று போட்டி.

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஒரு முனையில் தடவி மறுமுனையில் ஊதிப் பாருங்கள், நுரை வந்தால் காய்ந்தது என்று ஒருவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், நிச்சயம். பியர்க்கில் அது வேலை செய்யும். கிரானில் செய்யாது, நூறு வருடம் காய்ந்த கிரானிலும் செய்யாது. பியர்க்குக்குள் நீர் போவதற்கு நீண்ட குழாய்கள் இருக்கின்றன. கிரானில் குழாயே இல்லை, மூன்று மில்லிமீட்டர் அளவான சின்னச் சின்னக் கலங்கள்தான். ஒன்றில் இருந்து மற்றதுக்குப் போகும் துளைகளில் மூடி மாதிரி ஒன்று இருக்கிறது, காயும்போது அது ஒட்டி அடைத்துக்கொள்கிறது. நுரை வரவில்லையே, விறகு பச்சை போல என்று கவலைப்பட்டு ஒருவர் போன் எடுத்திருந்தார், அதனால் சொன்னேன். அதே மூடிதான் ஒருமுறை காய்ந்த கிரான் மழையை லேசில் உறிஞ்சாமல் காப்பதும்.

அடுத்தது எரிக்கும் முறை, இதில் கிரான் பியர்க்கைவிடக் கொஞ்சம் கவனம் கேட்கும். லேசான மரம், சட்டென்று பற்றும், ஒரே நேரத்தில் நிறைய வாயு விடும். நன்றாகக் காய்ந்த மெல்லிய கிரான் சிராய்களை அடுப்பு வாய்வரை திணித்தால் உள்ளே வருகிற காற்று அதற்குப் போதாது. கரும்புகை கிளம்பும், இரும்பு சிவக்கும், உள் தகடு வெடிக்கும். ஈரம்தான் எதிரி என்று இவ்வளவு நேரமும் சொன்னேன், இங்கே மட்டும் எச்சரிக்கை மறுபக்கம். இக்கால அடுப்புக்கு ஒரு தடவைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும். கிரானென்றால் மூன்று துண்டு. அதுவும் சற்றுத் தடித்த துண்டாகப் போடுங்கள். அடுப்பில் ஒட்டியுள்ள கையேட்டில் எத்தனை கிலோ என்று இருக்கும், அதை மீறாதீர்கள்.

பற்றவைப்பது மேலிருந்து. நம் கைக்கு இது பழகாது, அம்மா பன்னாடையை அடியில் வைத்து ஊதித்தானே மூட்டினார். இங்கே தடித்த இரண்டு துண்டு கீழே, அதன்மேல் கிரான் சிராய் குறுக்கும் நெடுக்குமாக, உச்சியில் பற்றவைக்கும் கட்டி. காற்றுவழி முழுதாகத் திறந்திருக்க வேண்டும். நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும், கீழே கிளம்பும் வாயு சுவாலைக்குள்ளாகவே போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடும். நன்றாகப் பிடித்தபின் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், ஒருபோதும் அடைக்காதீர்கள். வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள்: பத்து நிமிடத்துக்குப் பிறகும் நீலமாகப் புகை தெரிந்தால் காற்றுப் போதவில்லை அல்லது விறகு ஈரம்.

அடுப்பு எந்தக் காலத்தது என்றும் பாருங்கள். நோர்வேயில் 1998-இலிருந்து விற்கும் புதிய அடுப்புகள் வாயுவை இரண்டாம் தடவை காற்றுக் கொடுத்து எரிக்கிற வகையாக இருக்க வேண்டும், ரெண்ட்பிரென்னண்டெ என்பார்கள். அதற்கு முந்தையதாக இருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். சில நகரசபைகள் அதற்குக் காசும் கொடுத்திருக்கின்றன, பேர்கனில் பழையதை எரிப்பதற்கு 2021-இலிருந்து தடையே வந்துவிட்டது. உங்கள் கொமூனில் (உள்ளூராட்சியில்) என்ன நிலை என்று ஃபையரைக் கேளுங்கள். அவருக்கான கட்டணத்தை எப்படியும் வருடாவருடம் கட்டுகிறீர்கள், வரும்போது கோப்பி கொடுத்து நாலு கேள்வி கேட்டால் நட்டமில்லை. வாங்கின வீட்டின் அடுப்பை முதல்முறை மூட்டுவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுப் புகைபோக்கியைப் பார்க்கச் சொல்வது நல்லது.

கிரானின் உண்மையான குறை ஒன்று உண்டு, தணல் நிற்காது. இரவு பத்து மணிக்குப் போட்டால் விடிய அடுப்பு சில்லென்று இருக்கும். ஜனவரிக் கடுங்குளிரில் மணிக்கொரு தடவை எழும்பி விறகு போட யாராலும் முடியாது. அதனால் நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். செப்ரெம்பர், ஒக்டோபர், ஏப்ரல் மாதங்களில், காலையில் மட்டும் ஒரு சூடு வேண்டும், மத்தியானம் வெயில் வந்துவிடும் என்ற நாட்களில் கிரான்தான் சரி. அந்த நாட்களில் பியர்க் போட்டால் வீடு சூளையாகி யன்னலைத் திறக்க வேண்டிவரும். கடுங்குளிரில் மூட்டுவதற்குக் கிரான், பிறகு பியர்க். உங்கள் நாலு மரத்தோடு நாலைந்து பெரிய சாக்கு பியர்க் வாங்கினால் இந்த வருடத்துக்குத் தாராளம்.

பைனைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது கொண்டுவந்து தருவார்கள். கிரான் மாதிரித்தான், கொஞ்சம் கனம். அடிக்குற்றியிலும் வேரிலும் பிசின் ஊறிச் சிவந்த பகுதி இருக்கும், தீரி என்பார்கள். இந்த நாட்டுப் பழைய மரத் தேவாலயங்களுக்குப் பூசுகிற தாரை அதில் இருந்துதான் வடிக்கிறார்கள். அதை விரல் தடிப்பில் சீவி வைத்துக்கொண்டால் ஈர நாளிலும் அடுப்பு பற்றும். கட்டையாக அடுப்பில் போட வேண்டாம், அதுதான் உண்மையில் புகை கக்கும். உங்களைப் பயமுறுத்தியவர்களின் கதை ஒருவேளை இதிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

கிரான் வெடித்துப் பொறி பறக்கும் என்பதும் சரிதான், கதவு மூடிய அடுப்பில் அதனால் ஒன்றும் இல்லை. கதவில்லாத பைஸில், அதாவது திறந்த கணப்பில், எரிக்காதீர்கள், கம்பளத்தில் ஓட்டை விழும். வீட்டுக்கு வெளியே இருந்த பழைய பலகைத் தளத்தில் கழற்றிய பச்சை நிறப் பலகையை மட்டும் மென்மரம்தானே என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். அழுகாமலிருக்கச் செம்பும், பழையதென்றால் ஆர்சனிக்கும் ஏற்றியது; அது கழிவு நிலையத்துக்குப் போக வேண்டிய சாமான். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து வெளியே கல்லின் மேல் வையுங்கள், மூன்று நாள் கழித்தும் உள்ளே தணல் இருக்கும்.

அப்புறம், அறுக்கவரும் ஆளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். ஆகப் பெரிய மரத்தின் அடியில், கணு நிறைந்த இடமாகப் பார்த்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு குற்றியை நேராக அறுத்துத் தரட்டும். கணுவினால் பிளக்க முடியாது என்று சொன்னேனே, கீழே வைத்து விறகு கொத்துவதற்கு அதைப்போல ஒரு குற்றி கடையில் கிடைக்காது.